மஞ்சள் ஒயர் படத்துக்கு, சிவப்பு ஒயர் சத்தத்துக்கு

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டபோது நீ இரண்டு கேள்வி கேட்டாய். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் கார்த்திகாவும் குடியிருக்கப் போகிற வீட்டுக்குப் பழைய டிவி கேம் பெட்டி ஒன்று வாங்க ஆசை, ஏமாறாமல் கையைக் கடிக்காத விலைக்கு அதை எப்படி வாங்குவது, டிவியில் எப்படி இணைப்பது என்பது ஒன்று. அப்பா கல்யாணத்துக்கு வருவாரா என்பது இன்னொன்று. முதல் கேள்வியை நீட்டி முழக்கிக் கேட்டாய். இரண்டாவதைப் போனை வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போல் கேட்டாய். உன்னைப் பெற்றவள் நான், உனக்கு எது பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியாதா? போனில் எதற்கும் பதில் சொல்லாததற்குக் காரணம், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஜீப் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியை எதற்குத் துடைக்க வேண்டும்? நாம் பேசுவதைக் கேட்கத்தான். ஆகவே எழுதுகிறேன். நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், கொடைக்கானல் லாட்ஜில் போர்வை துவைத்தவள். இந்த விஷயத்தில் என்னிடம் கேட்கத் தோன்றியதே உனக்கு, அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன். ஆனால் ஒன்று. நம் வீட்டில் ஒயர் பிடித்தவர் அப்பா. எழுத்துக் கூட்டி வாசித்தவன் நீ. நான் பக்கத்தில் நின்று திட்டியவள். திட்டுகிறவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது நம் வீட்டுக்கு முதல் பெட்டி வந்தது. கொடைக்கானலில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்பார்கள், நீயே பார்த்திருக்கிறாய். அப்படி ஒரு வீட்டில் நல்ல குக்கர் இருக்கிறது என்று லாட்ஜில் சொன்னார்கள். அதை வாங்கத்தான் அப்பாவை ஜீப்போடு அழைத்துப் போனேன். அவர் குக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அட்டைப் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் கனமாக ஒன்று கிடந்தது, அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். "இது என்னா மெசினுங்க?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா டிவியைக் காட்டி, இரண்டு கட்டை விரலையும் ஆட்டிக் காட்டினாள். அவ்வளவுதான். குக்கருக்கு வைத்திருந்த பணம் அந்தப் பெட்டிக்குப் போனது. உனக்காக வாங்கியதாக இன்றுவரை சொல்கிறார், நீயும் நம்புகிறாய். உன்னை நினைத்து வாங்கியவர் வழியெல்லாம் அதை என் மடியில் வைத்துவிட்டு, "மெதுவாப் புடி, மெதுவாப் புடி" என்று எதற்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்? நம் ஊர் பெருமாள்மலை வந்து சேரும்வரை அவர் கியர் மாற்றியதைவிட அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம்.

இதிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டியது, விற்கிறவர் எதற்காக விற்கிறார் என்று முதலில் கேள். ஊரைவிட்டுப் போகிறவர் நல்ல பொருளைத்தான் மனசில்லாமல் விற்பார். அவரிடம் பேரம் பேசினாலும் அளவாகப் பேசு. ஊரிலேயே இருந்துகொண்டு விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று யோசி. யாராக இருந்தாலும் அங்கேயே ஒரு டிவியில் போட்டுக் காட்டச் சொல். நாங்கள் அதைச் செய்யவில்லை. வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார் அப்பா. பணம் கொடுக்கும்போது வராத கூச்சம் அது. பிறகு, பெட்டி மலிவாக இருக்கிறதே என்று ஓடாதே. பெட்டி, கரண்டுக்கு அடாப்டர், டிவிக்குப் போகிற ஒயர், பிடித்து விளையாடுகிற ஜாய்ஸ்டிக், விளையாட்டு அடங்கிய கேசட் ஒன்றாவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் விலை. ஒன்று குறைந்தாலும் அதைத் தேடி அலைகிற அலைச்சலில் மலிவு காணாமல் போய்விடும்.

நாம் அலைந்தது உனக்கு மறந்திருக்காது. அந்த அடாப்டருக்குத் தட்டைத் தட்டையாக இரண்டு பல் இருந்தது. நம் வீட்டு பிளக்கில் நுழையவில்லை. லாட்ஜில் வெளிநாட்டுக்காரர்கள் சவரம் பண்ணும் மெஷினுக்கு மாட்டுகிற ஒரு மாற்று பிளக் உண்டு, அதை ஒருநாள் இரவல் வாங்கி வந்தேன். அப்பா செருகினார். 'பட்'டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய நாற்றம், வீடு பூராவும் புகை. நீ கொல்லைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அழுதாய். அப்பா அன்று சாப்பிடவே இல்லை. தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வெளியே போய்விட்டார். சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், இத்தனை வருஷமாகியும் மனசு சரியில்லாத நாளில் அவருக்கு டீ தேத்தண்ணியாகிவிடும். மறுநாள் நீதான் பெட்டியைக் குப்புறப் போட்டு அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தாய். பெட்டிக்கு வேண்டியது ஒன்பது வோல்ட்தான். அடாப்டர்தான் அமெரிக்காவில் வருகிற பாதிக் கரண்டுக்குச் செய்தது, நம் ஊர்க் கரண்டைத் தாங்காமல் தான் எரிந்து பெட்டியைக் காப்பாற்றியிருக்கிறது. வத்தலக்குண்டில் முனை பொருந்துகிற ஒன்பது வோல்ட் அடாப்டர் வாங்கி வந்ததும் பெட்டிக்கு உயிர் வந்தது. அதனால் எந்த ஊர்ப் பெட்டியானாலும் செருகுவதற்கு முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படி. படித்தது புரியவில்லை என்றால் செருகாதே.

இணைப்பது பெரிய வித்தையில்லை. மஞ்சள் ஒயர் படத்துக்கு, சிவப்பு ஒயர் சத்தத்துக்கு. டிவியில் அதே நிறத்தில் துளை இருக்கும். போன வருஷம் அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில்கூட இருக்கிறது. மஞ்சள் துளையே இல்லாத பழைய டிவி என்றால் ஆன்டெனா ஒயர் செருகுகிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும், அதில் படம் புழுதியடித்தது போல இருக்கும், சானல் சானலாகத் தேட வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. லாட்ஜில் டிவி மாற்றியபோது எனக்குக் கிடைத்த டிவியில் துளைகள் எல்லாம் இருந்தன. இல்லாதது ரிமோட் ஒன்றுதான். அதுதான் நம்மைப் படாத பாடு படுத்தியது. பெட்டியை மாட்டினோம், சத்தம் வந்தது, படம் வந்தது, கலர் வரவில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. நம் கலர் டிவியில் மற்ற எல்லாம் கலராக வரும், அந்தக் கார் பந்தயம் மட்டும் சாம்பல் பூசிக்கொண்டு வரும். பழைய விளையாட்டு, பழைய படம் மாதிரி அப்படித்தான் இருக்கும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மாதக்கணக்கில் அப்படியே ஆடினீர்கள், அப்பனும் மகனும்.

கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் கார் சிவப்பு. அதைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்குத் தூக்கம் போனது. "அட்டையில செவப்புன்னா உள்ளயும் செவப்பாத்தானே புள்ள இருக்கணும்?" என்று கேட்பார். "பிஸ்கட் அட்டையில போட்டிருக்க மாதிரியா பிஸ்கட் இருக்கு? சோலியப் பாருங்க" என்பேன். ஒருநாள் லாட்ஜுக்குப் போனவர் ஒரு உரச்சாக்கு நிறைய ரிமோட்டோடு வந்து நின்றார். மேனேஜர் அறையில் உடைந்ததும் உடையாததுமாகப் போட்டு வைத்திருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொன்றாகப் பேட்டரி போட்டு டிவியைப் பார்த்து அமுக்கினீர்கள். சாக்கில் பாதிக்கு மேல் போன பிறகு ஒன்று பேசியது. திரையில் எழுத்தாக வந்தது. நீ வாசித்தாய்: "கலர் சிஸ்டம், பால்." அப்பா, "பாலா? அது என்னா பாலு?" என்றார். நீ அதை மாற்றி இன்னொன்றுக்குக் கொண்டு போனாய், என்.டி.எஸ்.சி. என்று நான்கு எழுத்து. கார் சிவப்பாகிவிட்டது. புல் பச்சையாகிவிட்டது. அப்பா எழுந்து போய் டிவியைத் தொட்டுப் பார்த்தார்.

நம் நாட்டு டிவிக்குப் பால் என்கிற முறை, அமெரிக்கப் பெட்டிக்கு மற்றது. இதை உன் பாடப் புத்தகத்தில் பார்த்தாயோ யாரிடம் கேட்டாயோ, நீதான் வந்து சொன்னாய். அப்பா அன்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பெட்டியில கோளாறு இல்ல, டிவியிலயும் கோளாறு இல்ல. அது ஒரு வழக்கம், இது ஒரு வழக்கம். யாராச்சும் ஒருத்தர் கொஞ்சம் மாத்திக்கிட்டாப் போதும்" என்றார். டிவி விஷயத்தில் இவ்வளவு விவரமாகப் பேசுகிற மனுஷன்தான் பிறகு பழனியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அதைப் பிறகு சொல்கிறேன். நீ வாங்கும்போது ரிமோட் இல்லாத டிவியோடு எந்த வெளிநாட்டுப் பெட்டியையும் சேர்க்காதே என்பதுதான் இப்போதைக்கு விஷயம்.

அடுத்தது என் கைங்கரியம். நம் ஊர் ஈரம் உனக்குத் தெரியும். மேகம் வீட்டுக்குள் வந்து போகும், தீப்பெட்டிகூட நமத்துப் போகும். கேசட்டின் அடியில் இருக்கும் பித்தளைப் பல்லெல்லாம் பச்சை பிடித்து, படம் தெரியாமல் கட்டம் கட்டமாக நின்றது. நீ வாயால் ஊதி ஊதிப் போட்டாய். எச்சில் தெறித்து இன்னும் கெட்டது. எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். தலைவலி, சளி, முட்டிவலி, சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர், சட்டையில் தார்க் கறை, எல்லாவற்றுக்கும் நம் ஊரில் தைலம்தானே. யூக்கலிப்டஸ் தைலத்தைப் பஞ்சில் நனைத்துக் கேசட்டின் பல்லை நன்றாகத் தேய்த்து, மிச்சத்தைப் பெட்டியின் வாய்க்குள்ளும் தடவி, செருகி வைத்தேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து போட்டுப் பார்த்தாய். படம் கண்ணாடியாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம்தான் கேசட்டை எடுக்க முயன்றாய். வரவில்லை. அப்பா இழுத்தார். வரவில்லை. தைலம் பிளாஸ்டிக்கை இளக்கி இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. மேலே இருந்த சிவப்புக் கார் படம் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அன்று முதல் அந்தப் பெட்டி கார் பந்தயத்தைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்கவில்லை. நீ இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அப்பாவோ, பெட்டிக்குச் சளி பிடித்திருந்தது, உன் அம்மா வைத்தியம் பார்த்துவிட்டாள் என்று ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நீ கேசட்டைத் துடைக்க வேண்டுமானால் மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கிக்கொள், காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடை, காய்ந்த பிறகு செருகு. ஊதவும் வேண்டாம், தைலமும் வேண்டாம்.

ஆனால் என்னைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை யோசி. அந்தப் பெட்டி ஒட்டிக்கொண்டதால்தான் அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு வேறு பெட்டி தேடிப் பழனிக்கு இறங்கினார். பாலசமுத்திரத்தில் என் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடிவாரத்துக்குப் போனீர்கள். யாத்திரைக்காரர்களுக்குப் பொம்மை விற்கிற கடைகளில் டிவி கேம் பெட்டியும் தொங்கும் அல்லவா, நாலைந்து கடை ஏறி இறங்கியிருக்கிறீர்கள். எல்லாக் கடையிலும் அட்டையைக் காட்டித்தான் விற்றார்கள். கேசட்டில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டு என்று போட்டிருக்கும், உள்ளே அதே பத்து விளையாட்டுதான் வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும். ஒரே ஒரு கடையில் மட்டும் டிவி வைத்துப் போட்டுக் காட்டினார்கள். போட்டுக் காட்டியது அந்தக் கடைக்காரரின் மகள். "அண்ணே, இதுல பத்துதான் இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன்" என்று அப்பாவிடம் உள்ளதைச் சொன்னாளாம். அப்பா வீட்டுக்கு வந்து, "யோக்கியமான கடை புள்ள" என்று ஒரு வாரம் அந்தக் கடைப் புராணம்தான் பாடினார். பழைய கேசட்டைக் கொடுத்துக் கொஞ்சம் காசு சேர்த்தால் வேறு கேசட் தருவார்கள் என்று அதற்கப்புறம் நீ எத்தனை தடவை போனாய் என்பது எனக்குத் தெரியும். கேசட் தீர்ந்த பிறகும் போனாய் என்பதும் தெரியும். அண்ணே என்று கூப்பிட்ட பெண் இன்று மாமா என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. என் தைலம்தான் உனக்குப் பெண் பார்த்தது. கல்யாண வேலையில் யாரும் இதை நினைத்துப் பார்க்க மாட்டீர்கள் என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி.

கார்த்திகாவைக் கேட்டுப் பழனிக்குப் போனபோது அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டுதான் வந்தார். அவளுடைய அப்பா நன்றாகத்தான் பேசினார். அவளுடைய பெரியப்பாதான் அந்த வார்த்தையை விட்டார். எங்களைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, தம்பியைப் பார்த்து, "அகதிக் குடும்பத்துல போயி பொண்ணக் குடுக்கணுமா?" என்றார். அப்பா சத்தம் போடவில்லை. "நாங்க அகதி இல்லீங்க. ரெண்டு கவர்மெண்டும் ஒப்பந்தம் போட்டு, பாஸ்போட்டு குடுத்து, கப்பல்ல கொண்டாந்து எறக்குனாங்க. எங்க தாத்தா இந்த நாட்டுல இருந்து போனவரு. நாங்க திரும்பி வந்தவங்க" என்றார். கையில் இருந்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். எழுந்து போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நீ அப்போது கோயம்புத்தூரில் இருந்தாய். அங்கே நடந்ததை உனக்குப் பாதியாகத்தான் சொன்னேன். முழுவதையும் சொன்னால் நீ நேராகப் பழனிக்குப் போய்ச் சண்டை போடுவாய், போட வேண்டாம் என்றுதான்.

அப்பாவுக்கு அந்த வார்த்தை புதிதில்லை. மண்டபம் முகாமில் வந்து இறங்கியபோது அவருக்குப் பத்து வயதுகூட இருக்காது. பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதும், ஜீப் லைசென்ஸ் எடுக்கப் போனபோதும், ரேஷன் கடையிலும், சிலோன்காரன் என்பார்கள், அகதி என்பார்கள். சிரித்துக்கொண்டே திருத்திச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஆனால் இது பெண் கேட்கப் போன இடம். தன் பிள்ளையின் கல்யாணத்தில் அந்த வார்த்தை விழுந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "கல்யாணத்த நீங்க நடத்துங்க. அந்தப் புள்ள மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அந்த வீட்டு வாசல்ல என் செருப்பு கழறாது" என்று சொல்லிவிட்டார். என் அண்ணன்தான் முன்னால் நின்று தட்டு மாற்றினான், பத்திரிகை அடித்தான். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சமைக்காமல்கூட இருந்தேன். அவரே சமைத்து எனக்கும் வைத்தார். அவ்வளவு பிடிவாதம்.

நீ போனில் கேட்ட ஞாயிற்றுக்கிழமை வரை பதில், வர மாட்டார் என்பதுதான். அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று வேறொன்று நடந்தது.

அதைச் சொல்வதற்கு, ஒரு ரகசியத்தை உடைக்க வேண்டும். நீ பெட்டி வாங்க வேண்டாம். கார்த்திகா வாங்கிவிட்டாள். கொடைக்கானலைவிட்டுப் போகிற ஒரு குடும்பம் கடைக்குப் பொம்மை வாங்க வந்திருக்கிறது, பேச்சுக் கொடுத்து, அந்த முதல் பெட்டி மாதிரியே சாம்பல் பெட்டி ஒன்றைப் பிடித்துவிட்டாள். கல்யாணத்தன்று உனக்குக் காட்ட வேண்டும், சொல்லிவிடாதீர்கள் என்று நேற்று ராத்திரி போனில் என்னிடம் தனியாகச் சொன்னாள். சொல்லிவிட்டேன். தெரியாதது போல முகத்தை வைத்துக்கொள். இவ்வளவு புத்திமதியையும் உனக்கு எதற்கு எழுதினேன் என்று நினைப்பாய். வீட்டுக்குள் வருகிற பொருள் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் ஒயர் பிடித்தால் இன்னொருத்தர் என்னைப் போலத் திட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் செல்போன் அடித்தது. அப்பா எடுத்தார். அந்தப் போனில் பேசினால் எதிர்வீட்டுக்கே கேட்கும், அதனால் எனக்கு எல்லாம் கேட்டது.

"அத்தை இருக்காங்களா?"

"மாவு பெசையுறா. யாரு?"

"கார்த்திகா பேசறேங்க மாமா."

அவர் போனை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் தூக்கி மாவைக் காட்டினேன். துடைத்துக்கொண்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

"சொல்லும்மா" என்றார்.

"ஒண்ணுமில்லங்க மாமா, பழைய கேம் பெட்டி ஒண்ணு வாங்கினேன். அமெரிக்காப் பெட்டி. அடாப்டர் நம்ம கடையிலயே ஒன்பது வோல்ட் போட்டுட்டேன். சத்தம் வருது, படம் வருது. கலர் மட்டும் வரல. அத்தைக்குத் தெரியும்னு அவரு சொன்னாரு."

அத்தைக்குத் தெரியும் என்று நீ சொல்லியிருக்கிறாய் பார், அதுதான் அவரைக் கிளப்பியது. கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "அவளுக்கு என்னா தெரியும், தைலம் தடவத் தெரியும். ரிமோட்டு இருக்காம்மா? மெனுவுக்குப் போ. கலர் சிஸ்டம்னு ஒண்ணு வரும். இப்ப எதுல நிக்கிது?"

"பால்னு இருக்குங்க மாமா."

"அதான் சங்கதி. பால எடுத்துரு."

"பால எடுத்துரணுங்களா மாமா?" என்று கார்த்திகா சத்தமாகக் கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல், "பால எதுக்கு எடுக்கச் சொல்றாங்க? யாரு போன்ல?" என்றது. அது பெரியப்பாவின் குரல். அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, முகம் கல்லாகிவிட்டது. போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகா, "மாப்பிள்ளையோட அப்பாங்க பெரியப்பா. டிவிக்குச் சொல்லித் தர்றாங்க" என்றாள். அப்புறம், "வந்துருச்சுங்க மாமா, கலர் வந்துருச்சு" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "மாமா, அன்னைக்குப் பெரியப்பா பேசுனது தப்புங்க. எனக்கு மனசே ஆறல" என்றாள்.

"நீ என்னம்மா பண்ணுவ. அத விடு. சத்தம் இரையாம வருதா பாரு" என்றார் அப்பா.

அதற்குள் போன் கை மாறிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு பெரியப்பா வந்தார். "சம்பந்தி, நாந்தான் பேசறேன்" என்றார். "எங்க வீட்டு டிவிலயும் ரொம்ப நாளா படம் ஆடிக்கிட்டே கெடக்குங்க. கேபிள்காரன் வந்து வந்து பாக்குறான், நிக்க மாட்டேங்குது. அதுக்கும் இந்தப் பாலுதானுங்களா காரணம்?"

அப்பா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். "இல்லீங்க. அது ஒயரு முனையில இருக்கும். போன்ல சொல்ல முடியாது, நேர்ல பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். "சம்பந்தின்னு கூப்புட்டாரு, கேட்டியா?" என்றார். "கேட்டுச்சு. மன்னிப்புக் கேட்டாரா?" என்றேன். "டிவி ஆடுதுன்னாரு" என்றார்.

எனக்கு அது போதவில்லை ராசா, உன்னிடம் மறைப்பானேன். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது, வாய் நிறைய வந்த வார்த்தை. நேராக ஒரு வார்த்தை தப்பென்று சொல்லியிருந்தால் அவர் தலை ஒன்றும் இறங்கிவிடாது. நான் பந்தியில் அவருக்கு மரியாதையாகத்தான் பரிமாறுவேன், ஆனால் மறக்க மாட்டேன். அப்பா என் மாதிரி இல்லை. அவருக்கு அந்தச் சம்பந்தி என்கிற ஒன்று போதுமாக இருந்தது. சாயந்தரம் வரை இரண்டு மூன்று தடவை அதைத் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார், நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். அவருக்குப் போதும் என்றால் அதைக் கெடுக்க நான் யார் என்று வாயை மூடிக்கொண்டேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். பெரியப்பாவிடம் பழைய கணக்கைக் கிளறாதே. கார்த்திகாவிடம் மட்டும், அன்று நடந்ததற்கு அவள் வருத்தப்பட்டது எனக்குப் பெரிது என்று சொல்.

இன்று காலையில் வெள்ளனே எழுந்து ஜீப்பின் சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றேன். நிமிர்ந்து பார்க்காமல், "கல்யாணம் என்னைக்கு?" என்று கேட்டார். பத்திரிகை அவர் கண்ணெதிரில் சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

"அடுத்த புதன்கிழமை" என்றேன்.

"அப்ப அன்னைக்கே அந்த டிவியப் பாத்துருவோம். ஒரு சோலிக்காக ரெண்டு தடவ மலை எறங்க முடியுமா?" என்றார்.

உன் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். கல்யாணத்துக்கு வருகிறார் என்று நான் எழுதவில்லை, நீயும் யாரிடமும் அப்படிச் சொல்லி வைக்காதே. டிவி ரிப்பேருக்குத்தான் வருகிறார். தாலி கட்டுகிற நேரத்தில் உனக்குப் பின்னால் வந்து நிற்பார். அப்போது மட்டும் அந்த ஸ்குரூ டிரைவரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அட்சதையைக் கொடு.

உன் அம்மா